ஆட்டக்காரர் ஆசிரியரான கதை

எம்.எஸ்ஸி. (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு மாணவன், பெரார்கஞ்ச்

தெரிந்த ஒன்றைச் செய்வது வேறு. அதனைப் பிறர்க்குச் சொல்லித் தருவது வேறு. இவ்வுண்மையை நான் பலர் சொல்லக் கேட்டதுண்டு. ஆயினும் அதனை உள்ளபடி உணர்ந்தது சென்ற கோடை விடுமுறையில், எங்கள் ஊர் விளையாட்டுத் திடலிலேதான்.

எங்கள் ஊர் தெற்கு அந்தமானில் உள்ள பெரார்கஞ்ச். ஆங்கிலேயர் காலத்தில் இத்தீவுகளின் தலைமைக் கமிஷனராக இருந்த பெரார் என்பவரின் பெயரால் அமைந்த ஊர். நாட்டுப் பிரிவினைக்குப் பின், 1949 முதற்கொண்டு, கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்கள் தெற்கு அந்தமானில் குடியேற்றப்பட்டன. பிழைப்புத் தேடித் தமிழர் வந்தனர், தெலுங்கர் வந்தனர். மலையாள மாப்பிள்ளைகளும், சோட்டா நாகபுரியிலிருந்து வந்த ராஞ்சி மக்களும் முன்னரே இருந்தனர். வீட்டிலே ஆளுக்கொரு மொழி. கடைவீதியில் எல்லோருக்கும் இந்தி. திடலிலே எல்லோருக்கும் கால்பந்து.

மே மாத நடுவில் எங்கள் தீவில் மழை இறங்கிவிடும். அந்த மழையில்தான் ஆட்டமும் சூடுபிடிக்கும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பந்தாட்டம் பயிற்றி வந்தவர் ஒரு வங்காளப் பெரியவர். ‘தாது’ என்று அழைப்போம். வங்காளத்தில் அதற்குத் தாத்தா என்று பொருள். நானும் அவரிடம் பழகியவனே. பள்ளி நாட்களில் முன்னணியில் ஆடி, ஓரளவு கோலும் அடித்திருக்கிறேன். சென்ற ஆண்டு முதல் மூட்டு வலியால் அவரால் திடலுக்கு வர இயலவில்லை. விடுமுறைக்குச் சென்ற என்னை அழைத்து, “நீ பிள்ளைகளைப் பார்த்துக்கொள்” என்றார். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன்.

மூன்றே நாட்களில் என் மகிழ்ச்சி கரைந்தது. பத்து வயதுத் தமிழ்ப் பையன் ஒருவன் என்னிடம் வந்து, “அண்ணா, எப்போது கோலுக்கு உதைக்க வேண்டும், எப்போது இன்னும் உள்ளே கொண்டுபோக வேண்டும் என்று எப்படித் தெரியும்?” என்று கேட்டான். எவ்வளவு நல்ல வினா! ஆனால் என்னிடம் விடை இல்லை. “ஆடிக்கொண்டே இரு, தானாகத் தெரியும்” என்றேன். அவன் முகம் வாடிப் போனான். மறுநாள் அவன் வரவில்லை.

அன்று மாலை தாதுவின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “பி.கே.யைப் பற்றிப் படி” என்றார். படித்தேன். படித்தவற்றுள் நம் மாணவ நண்பர்களுக்குப் பயன்படக்கூடியவற்றை இங்கே எழுதுகிறேன்.

இரயில்வே ஆட்டக்காரர்

பி.கே. என்று இந்தியா முழுதும் அறியப்பட்ட பிரதீப் குமார் பானர்ஜி 1936 ஜூன் 23ஆம் நாள் வங்காளத்தின் ஜல்பைகுரி மாவட்டத்தில் பிறந்தார். இளமையில் ஜாம்ஷெட்பூரில் வளர்ந்தார். 1954இல் கல்கத்தாவுக்கு வந்து ஆரியன் கிளப்பில் ஓராண்டு ஆடி, அடுத்த ஆண்டு கிழக்கு இரயில்வே அணியில் சேர்ந்தார். ஆட்டக்காலம் முடியும் வரையில் அந்த அணியை விட்டு அவர் நீங்கவே இல்லை.

இதன் சிறப்பை விளங்கிக்கொள்ளக் கல்கத்தாவின் கால்பந்து உலகைப் பற்றிச் சிறிது தெரிந்திருக்க வேண்டும். அங்கே மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்று மூன்று பெரிய கிளப்புகள். இலட்சக்கணக்கான மக்கள் அவற்றின் பின்னே நின்றனர். எங்கள் ஊரிலும் ஒரே தெருவில் ஒரு வீடு மோகன் பகான், அடுத்த வீடு ஈஸ்ட் பெங்கால் என்று பிரிந்து கிடக்கும். இந்த மூன்றில் ஒன்றிலேனும் ஆடாமல் பெரும் புகழ் பெறுவது அரிது. பானர்ஜி எதிலும் ஆடவில்லை. இரயில்வே வேலையும் இரயில்வே அணியுமே அவருக்குப் போதுமானவையாக இருந்தன. 1958இல் அந்தச் சிறிய அணி கல்கத்தா லீக் பட்டத்தையே வென்றது. மூன்று பெரிய கிளப்புகளுக்கு வெளியே வேறொரு அணி அப்பட்டத்தை மறுபடியும் வெல்ல 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்றால், அவ்வெற்றியின் அருமை விளங்கும்.

நாட்டிற்காகவும் அவர் சிறப்புற ஆடினார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியில் இருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் தலைவராக நின்று, பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் கோலை அடித்தார். அந்த ஆட்டம் 1-1 என முடிந்தது. 1961இல் அர்ஜுனா விருது பெற்றார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை 2-1 என வென்று இந்தியா தங்கப் பதக்கம் பெற்றது. முதற் கோல் அவருடையது.

கோணத்தின் கணக்கு

பானர்ஜி ஆடியது முன்னணியின் வலது ஓரத்தில். ஓரத்தில் ஆடுகிறவன் கோல் அடிப்பது ஏன் கடினம்? விஞ்ஞான மாணவன் என்ற முறையில் இதைச் சிறிது கணக்கிட்டுப் பார்த்தேன்.

கோல் கம்பங்கள் இரண்டுக்கும் இடையே 7.32 மீட்டர். கோலுக்கு நேர் எதிரே, பெனால்டிப் புள்ளி இருக்கும் 11 மீட்டர் தூரத்தில் நிற்பவனின் கண்ணுக்கு அந்த இடைவெளி ஏறக்குறைய 37 பாகை அகலம் கொண்டது. அதே 11 மீட்டரில், ஆனால் நடுவிலிருந்து 15 மீட்டர் வலப்புறம் விலகி நிற்பவனுக்கோ ஏறக்குறைய 14 பாகைதான். வாசல் பாதிக்கும் கீழாகச் சுருங்கிவிடுகிறது! அவன் ஐந்து மீட்டர் உள்நோக்கி வந்தால் அது 21 பாகையாக விரியும். ஆனால் அந்த ஐந்து மீட்டரைக் கடப்பதற்குள் எதிரணியின் பின்காப்பாளன் வந்து சேர்ந்துவிடுவான். வாசல் விரிவதும், வழி அடைபடுவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. இவ்விரண்டையும் நிறுத்துப் பார்த்து முடிவு செய்ய அரை நொடிகூட இராது.

ஓரத்து ஆட்டக்காரன் இக்கணக்கைத் தாளில் போடுவதில்லை. பல்லாயிரம் முறை ஓடி ஓடி அவன் கால் அதைக் கற்றுக்கொள்கிறது. மிதிவண்டி ஓட்டத் தெரிந்தவனை, “எப்படிச் சாயாமல் ஓட்டுகிறாய்?” என்று கேட்டால் அவன் திகைப்பான் அன்றோ? அதுபோலத்தான் இதுவும். உடல் கற்ற பாடத்திற்கு வாயில் சொல் இருப்பதில்லை. ஆகவேதான் சிறந்த ஆட்டக்காரர் எல்லோரும் சிறந்த பயிற்சியாளர் ஆவதில்லை. தமக்கு எளிதாக வந்தது பிறர்க்கு ஏன் வரவில்லை என்பதே அவர்களுக்கு விளங்குவதில்லை. நான் அந்தப் பையனிடம் தோற்றதும் இங்கேதான்.

ரஹீம் சாகிப்

பானர்ஜிக்கு ஒரு நல்ல ஆசான் வாய்த்திருந்தார். ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம் அவர். தொழிலால் பள்ளி ஆசிரியர். 1956, 1960, 1962 ஆகிய மூன்று போட்டிகளிலும் இந்திய அணியைப் பயிற்றியவர் அவரே.

1962 ஜகார்த்தாவில் நடந்ததை மட்டும் பார்ப்போம். முதல் ஆட்டத்திலேயே இந்தியா தென் கொரியாவிடம் 2-0 எனத் தோற்றது. பின்காப்பில் தூணாக நின்ற ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம்பட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. வேறு எவரும் அவரை உட்கார வைத்திருப்பார்கள். ரஹீமோ அவரை அரையிறுதியிலும் இறுதியிலும் முன்னணிக்கு அனுப்பினார். காவலுக்குப் பழகியவரைத் தாக்குதலுக்கு விடுவது சிறிய துணிவா? இறுதி ஆட்டத்தில் இரண்டாம் கோலை அடித்தவர் அந்த ஜர்னைல் சிங்கே. ஒருவன் இதுவரை என்ன செய்தான் என்பதோடு நில்லாமல், அவனால் இனி என்ன செய்யக்கூடும் என்பதையும் காண்பவனே ஆசிரியன். அப்போது ரஹீமின் உடலில் புற்றுநோய் குடிகொண்டிருந்தது. அடுத்த ஆண்டு ஜூனில் அவர் காலமானார்.

இரண்டாம் வாழ்க்கை

காயங்கள் தொடர்ந்து வருத்தியதால் பானர்ஜி 1967இல் ஆட்டத்தை விட்டார். வயது முப்பதைச் சற்றே கடந்திருந்தது. மற்றத் தொழில்களில் அது வாழ்க்கை தொடங்கும் வயது. கால்பந்துக்காரனுக்கு அதுவே ஓய்வு வயது. இரயில்வே வேலை இருந்ததால் சோற்றுக்குக் கவலையில்லை. பழம்பெருமை பேசிக்கொண்டே காலத்தைக் கழித்திருக்கலாம்.

அவர் மீண்டும் மாணவரானார். 1969இல் ஜப்பானில் பிபா நடத்திய பயிற்சியாளர் வகுப்பிலே டெட்மார் கிராமர் என்ற ஜெர்மானியரிடம் பாடம் கேட்டார். ஒலிம்பிக் அணிக்குத் தலைமை தாங்கிய ஒருவர் கரும்பலகை முன் உட்கார்ந்து குறிப்பெடுத்தார் என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது. அடுத்த ஆண்டே, பாங்காக் ஆசிய விளையாட்டில், ஜி.எம்.எச். பாஷாவுடன் இணைந்து இந்திய அணியைப் பயிற்றினார். ஜப்பானை 1-0 என வென்று இந்தியா வெண்கலம் பெற்றது. அந்த அணியில் சுபாஷ் பௌமிக் என்ற இளம் முன்னணி ஆட்டக்காரர் ஒருவர் இருந்தார். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் ‘மானேஜர்’ என்றால் ஆட்டக்காரரை விலைக்கு வாங்குவது முதல் யார் ஆடுவது என்பது வரை எல்லாவற்றிலும் கைவைப்பவர். நம் நாட்டுக் கிளப்புகளில் பணமும் அதிகாரமும் நிர்வாகிகளிடம் இருந்தன. பயிற்சியாளருக்கு இருந்தவை பயிற்சித் திடலும் அவர் வாயும்தான். பானர்ஜி அவ்விரண்டையும் நன்கு பயன்படுத்தினார்.

1972இல் ஈஸ்ட் பெங்கால் அவரை அழைத்தது. ஆட்டக்காரராக அவர் ஒருநாளும் அணியாத சட்டை அது. அந்த ஆண்டு லீக்கில் ஒரு கோல்கூட வாங்காமல் ஈஸ்ட் பெங்கால் பட்டம் வென்றது. ஐ.எப்.ஏ. ஷீல்டும் டுராண்டு கோப்பையும் கிடைத்தன. ரோவர்ஸ் கோப்பையை மோகன் பகானுடன் பகிர்ந்துகொண்டது. 1973இல் ஷீல்டு இறுதியில் வட கொரியாவின் பியாங்யாங் அணியை 3-1 என வென்றது. 1975 செப்டம்பர் 30 அன்று, அதே ஷீல்டின் இறுதியில் மோகன் பகானை 5-0 எனத் தோற்கடித்தது. அந்த ஐந்து கோல்களை எங்கள் ஊர் வங்காளியர் இன்றும் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்வர். மோகன் பகான் வீட்டாரோ பேச்சை மாற்றிவிடுவர்.

அடுத்த ஆண்டு என்ன நடந்தது தெரியுமா? தோற்ற மோகன் பகானே அவரைத் தன் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது! அவரும் சென்றார். 1976 லீக்கில், மோகன் பகானின் முகமது அக்பர் ஆட்டம் தொடங்கிய 17ஆம் நொடியிலேயே ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராகக் கோல் அடித்தார். நேற்று வரை தாம் வளர்த்த அணியையே வெல்லும் வழியைப் பானர்ஜி கண்டார்.

சொல்லின் வலிமை

இவ்வெற்றிகளின் இரகசியம் யாது? பத்திரிகைகள் அதற்கு ‘வோக்கல் டானிக்’ என்று பெயரிட்டன. பேச்சாகிய மருந்து என்று சொல்லலாம். ஆட்டத்திற்கு முன்னும் இடைவேளையிலும் பானர்ஜி பேசுவார். ஒவ்வொருவனுக்கும் ஏற்ற பேச்சு அது. ஒருவனுக்குத் தட்டிக்கொடுக்கும் சொல். மற்றொருவனுக்குச் சுடும் சொல். தம் வீட்டிற்கே அழைத்துப் போய் உணவளித்து, தந்தையைப் போல் பேசுவதும் உண்டு.

சுபாஷ் பௌமிக்கின் கதை இதற்கு நல்ல சான்று. 1972க்குப் பின் மோகன் பகான் அவரை வேண்டாம் என விட்டுவிட்டது. உடல் பருத்து, ஆட்டம் முடிந்தது என்று பலர் கருதிய நேரம். பானர்ஜி அவரை ஈஸ்ட் பெங்காலில் சேர்த்துக் கடும் பயிற்சி கொடுத்து, மறுபடியும் வங்காளத்தின் சிறந்த முன்னணி ஆட்டக்காரருள் ஒருவராக்கினார்.

பேச்சு மட்டுமே போதும் என்று எவரும் கருதிவிடலாகாது. 1977 செப்டம்பர் 24 அன்று பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணி கல்கத்தா ஈடன் தோட்டத்தில் மோகன் பகானைச் சந்தித்தது. மழையால் திடல் சேறாகக் கிடந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் மோகன் பகான் லீக்கில் ஈஸ்ட் பெங்காலிடம் தோற்று, ஆதரவாளரின் ஏச்சுக்கு ஆளாகியிருந்தது. பெலேயை நிழல்போல் தொடரும் வேலை கௌதம் சர்க்கார் என்ற நடுக்கள ஆட்டக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆட்டம் 2-2 என முடிந்தது. பெலே கோல் அடிக்கவில்லை. நான்கு நாட்கள் கழித்து ஷீல்டு இறுதியில் ஈஸ்ட் பெங்காலை 1-0 என வென்று, அதே பருவத்தில் ரோவர்ஸ், டுராண்டு கோப்பைகளையும் மோகன் பகான் கைப்பற்றியது. யார் யாரைத் தடுப்பது என்ற திட்டம் தெளிவாயிருந்தது. அத்திட்டத்தை நம்பும் மனத்தைப் பேச்சு தந்தது.

தோல்விகளும் உண்டு. 1982 டில்லி ஆசிய விளையாட்டில் அவர் பயிற்றிய இந்திய அணி காலிறுதியில் சவூதி அரேபியாவிடம் 1-0 எனத் தோற்றது. எனினும் அவர் தளரவில்லை. 1997 ஜூலை 13 அன்று, பெடரேஷன் கோப்பை அரையிறுதியில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதியபோது கல்கத்தா சால்ட் லேக் அரங்கில் 1,30,000க்கும் மேற்பட்டோர் கூடினர். ஈஸ்ட் பெங்காலின் பயிற்சியாளர் பானர்ஜி, வயது 61. பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் அடிக்க, 4-1 என வெற்றி. 2020 மார்ச் 20 அன்று பானர்ஜி காலமானார்.

நம்மவர் ஒருவர்

பானர்ஜியைச் சொல்லும்போது பலராமைச் சொல்லாமல் விடக்கூடாது. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, துளசிதாஸ் பலராம் என்ற மூவரே அக்கால இந்திய முன்னணி. இவர்களுள் பலராம் தமிழ்ப் பெற்றோருக்குச் செகந்திராபாத்தை அடுத்த அம்முகூடாவில் பிறந்தவர். நம்மைப்போல் பிழைக்கப் போன இடத்தில் வேரூன்றிய குடும்பத்துப் பிள்ளை. ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகவும் பெருவுக்கு எதிராகவும் கோல் அடித்தவர். 1961இல் ஈஸ்ட் பெங்காலின் தலைவர்.

நுரையீரல் நோய் அவரை 1963இல், 27 வயதிற்குள், திடலிலிருந்து வெளியேற்றிவிட்டது. பின்னாளில் அவரும் பயிற்சியாளராகவும் இளம் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுப்பவராகவும் பணிசெய்தார். ஆனால் பானர்ஜிக்குக் கிடைத்த பெரிய அணிகளும் பெரிய மேடைகளும் அவருக்குக் கிடைக்கவில்லை. அர்ஜுனா விருது கிடைத்தது. மற்ற இருவருக்கும் கிடைத்த பத்மஸ்ரீ கிடைக்கவில்லை. வங்காளத்தில் அமைதியாக வாழ்ந்து, 2023 பிப்ரவரி 16 அன்று மறைந்தார். ஆட்டக்காரனின் இரண்டாம் வாழ்க்கைக்குத் திறமை மட்டும் போதாது. உடல்நலமும், அழைக்கும் கையும் வேண்டும் என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது.

மீண்டும் ஜகார்த்தா

சுபாஷ் பௌமிக்கை நினைவில் வைத்திருக்கிறீர்களா? ஆட்டத்தை விட்டபின் அவரும் பயிற்சியாளரானார். 2003 ஜூலையில் ஈஸ்ட் பெங்கால் அணியை ஆசியான் கிளப் போட்டிக்கு அழைத்துச் சென்றார். இறுதியில் தாய்லாந்தின் பெக் தெரோ சாசனா அணியை 3-1 என வென்று ஈஸ்ட் பெங்கால் கோப்பையை வென்றது. நடந்த இடம் ஜகார்த்தா! நோயுற்ற ரஹீமின் கண்முன்னே பானர்ஜி கோல் அடித்த அதே நகரம். இடையில் 41 ஆண்டுகள். ரஹீம் பானர்ஜிக்கு ஆசிரியர். பானர்ஜி பௌமிக்குக்கு ஆசிரியர். கோல் அடித்தவன் ஓய்ந்துபோகிறான். கற்றுக்கொடுத்தவனின் வேலை ஓயாமல் நடந்துகொண்டே இருக்கிறது.

இவற்றையெல்லாம் படித்தபின் நான் மறுபடியும் திடலுக்குச் சென்றேன். அந்தப் பையனின் வீட்டிற்குப் போய் அவனை அழைத்து வந்தேன். கோல் கம்பம் ஒவ்வொன்றிலும் ஒரு தேங்காய்நார்க் கயிற்றைக் கட்டி, இரண்டின் முனைகளையும் அவன் காலடியில் சேர்த்துப் பிடித்தேன். “இந்த இரண்டு கயிற்றுக்கும் நடுவேதான் உன் வாசல்” என்றேன். ஓரத்தில் நிற்கும்போது கயிறுகள் நெருங்குவதையும், உள்ளே வர வர விரிவதையும் அவன் கண்ணால் கண்டான். பிறகு மற்றொரு பையனைப் பின்காப்பாளனாக ஓடிவரச் சொன்னேன். “அவன் கயிற்றை மிதிப்பதற்குள் உதைத்துவிடு” என்றேன். ராஞ்சிப் பையனுக்கும் வங்காளப் பையனுக்கும் அதையே இந்தியில் சொன்னேன். கயிறு எல்லா மொழியும் பேசியது! திண்ணையிலிருந்த தாதுவிடம் சென்று சொன்னபோது, “நாற்பது ஆண்டாக எனக்கு இது தோன்றவில்லையே” என்றார். எனக்குக் கிடைத்த பட்டங்களுள் அதுவே பெரிது.

விடுமுறை முடிந்தது. நான் கப்பலேறி இங்கு வந்துவிட்டேன். தாது திடலுக்கு வர இயலாது. இப்போது அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர யார் இருக்கிறார்கள்? இவ்வினா என்னை உறங்கவிடுவதில்லை. நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஓர் ஊரிலிருந்து, யாரோ சொல்லித்தந்ததைக் கற்றுக்கொண்டு, இங்கே வந்தவர்கள். பந்தாட்டமோ, கணக்கோ, பாட்டோ, நமக்குத் தெரிந்த ஒன்று ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அதைச் சொல்லித்தரும் வழியையும் உடன் கொண்டுசெல்வோமாக. நான் கயிறு கொண்டுபோகப் போகிறேன்.